பார்க்கிங் பிரேக்கை எடுத்தீங்களா பாஸ்? ஆட்-ஆன் விமானம் அடம்பிடித்தால் என்ன செய்யலாம்?

ராத்திரி பத்து மணி. ஆம்பூர். ஷூ கம்பெனி பஸ் உங்களை இறக்கிவிட்டுப் போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. சாப்பாடு முடிந்தது, தங்கச்சி தூங்கியாச்சு. இரண்டு மாத ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கிய ஏர்பஸ் ஆட்-ஆன் இப்போதுதான் டவுன்லோடு முடிந்திருக்கிறது. ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்து, சென்னை விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, கையைத் தேய்த்துக்கொண்டு பட்டனை அழுத்துகிறீர்கள்.

காக்பிட் முழுக்க இருட்டு. ஒரு ஸ்கிரீன்கூட எரியவில்லை. கீபோர்டில் ஆட்டோ ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தால் அதற்கும் அசையவில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா எட்டிப் பார்க்கிறார். "இன்னாடா, காசு குடுத்து வாங்கினது பறக்கலையா?"

இந்த இடத்தில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்ணுகிறோம். சிலர் மொத்த சிமுலேட்டரையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவார்கள். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 150 ஜிபி இடம் வேண்டும். நம்ம ஊர் பிராட்பேண்டில் அதை மறுபடி இறக்குவதற்குள் வாரமே முடிந்துவிடும். சிலர் யூடியூபில் பார்த்த பத்து 'ஃபிக்ஸ்'களை ஒரே நேரத்தில் செய்வார்கள். கடைசியில் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது. இன்னும் சிலர், "காசு போனது போச்சு, கிராக் வெர்ஷன் டெலிகிராம்ல கிடைக்குதாம்" என்று கிளம்புவார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் பறந்து பாருங்கள். அப்புறம் அடுத்தது.

லைனில் கற்ற பாடம்

இது உங்களுக்குப் புதுசு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்த்திருப்பார்கள். லைன் முடிவில் ஒரு ஜோடி ஷூவில் சோல் பிரிந்து வந்தால், க்யூசி பார்க்கும் அக்கா உடனே "தோலே சரியில்லை" என்று தூக்கிப்போட மாட்டார். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்தார்களா, பசை காய நேரம் கொடுத்தார்களா, சூடு போதுமா, பிரஸ்ஸில் அழுத்தம் சரியா என்று ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் போய்ப் பார்ப்பார். எந்த மேஜையில் தப்பு நடந்தது என்று தெரிந்தால், அந்த மேஜையை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஆட்-ஆன் விமானமும் அப்படித்தான். சிமுலேட்டரோடு வரும் விமானங்கள் இல்லாமல், வேறு ஆட்கள் செய்து நாம் தனியாகச் சேர்த்துக்கொள்வதுதான் ஆட்-ஆன். பிஎம்டிஜி, ஃபீனிக்ஸ் போன்றவை காசுக்கு வருபவை. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் முழுக்க இலவசம். எதுவாக இருந்தாலும் கோளாறு ஐந்து மேஜைகளில் ஒன்றில்தான் இருக்கும்: சிமுலேட்டர், ஆட்-ஆன், கம்ப்யூட்டர், ஜாய்ஸ்டிக், கடைசியாக... நீங்கள்!

கோபப்படாதீர்கள். அந்தக் கடைசி மேஜையில் பெரிய பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள்.

1935-ல் நடந்த விபத்து

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் ரைட் ஃபீல்டு. போயிங் நிறுவனத்தின் புத்தம்புது மாடல் 299 குண்டுவீச்சு விமானம் ராணுவ அதிகாரிகள் முன்னால் கிளம்பியது. ஏறிய சில நொடிகளில் மூக்கு மேலே தூக்கி, வேகம் இழந்து, தரையில் விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ப்ளோயர் ஹில் இறந்தார். போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் காயங்களால் பிறகு இறந்தார்.

விமானத்தில் எந்தப் பழுதும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அனுபவசாலிகளுக்கும் மறதி வரும் என்று புரிந்ததும், கிளம்பும் முன் படித்துச் சரிபார்க்கும் 'செக்லிஸ்ட்' ராணுவ விமானிகளிடையே பழக்கமானது. அதே விமானம்தான் பின்னாளில் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

உங்கள் ஏர்பஸ்ஸும் இப்போது அதே நிலையில் இருக்கலாம். அதனால் முதல் கேள்வி "என்ன பழுது?" என்பது இல்லை. "எந்தப் பூட்டை எடுக்க மறந்தேன்?" என்பதுதான்.

இருட்டு காக்பிட்: பழுதா, தூக்கமா?

விமானத்தை கேட்டில் நிறுத்தி ஆரம்பித்தால், அது மொத்தமாக அணைந்த நிலையில்தான் இருக்கும். சிம் ஆட்கள் இதை 'கோல்டு அண்ட் டார்க்' என்பார்கள். நிஜ ஏர்பஸ் போலவே நடந்துகொள்ளும் ஆட்-ஆன் என்றால், நிஜ ஏர்பஸ்ஸை எழுப்புவது மாதிரியேதான் இதையும் எழுப்ப வேண்டும். கன்ட்ரோல், இ இரண்டையும் சேர்த்து அழுத்தும் ஆட்டோ ஸ்டார்ட் பல பெரிய ஆட்-ஆன்களில் வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஏ320-ல் வரிசை சுருக்கமாக இதுதான். தலைக்கு மேலே உள்ள பேனலில் இரண்டு பேட்டரிகளையும் போடுங்கள். வெளி கரன்ட் இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் வாலில் இருக்கும் ஏபியூ என்ற குட்டி இன்ஜினை ஓட்டுங்கள். ஸ்கிரீன்கள் எரியவில்லையா? பக்கத்தில் வெளிச்சம் கூட்டும் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து ஏடிஐஆர்எஸ் குமிழ்கள் மூன்றையும் 'நேவ்' நிலைக்குத் திருப்புங்கள். விமானம் தான் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று கணக்குப் போடச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திசை காட்டும் ஸ்கிரீன் வெறுமையாகத்தான் இருக்கும். "மேப் வரலை, ஆட்-ஆன் டப்பா" என்று எழுதுகிற பாதிப் பேர் இந்தச் சில நிமிடம் காத்திருக்காதவர்கள்தான். ஃப்ளைபைவயரில் இந்த நேரத்தைக் குறைக்க, காக்பிட்டில் இருக்கும் டேப்லெட்டிலேயே செட்டிங் உண்டு.

பிறகு எரிபொருள் பம்ப், இன்ஜின் மோடு குமிழ், இன்ஜின் மாஸ்டர் ஸ்விட்ச். இன்ஜின் ஓடியும் விமானம் நகரவில்லை என்றால்? தலைப்பை ஒருமுறை படியுங்கள்!

குழப்பமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. அதே விமானத்தை கேட்டில் இல்லாமல் ரன்வேயில் நிறுத்தி ஆரம்பியுங்கள். அங்கே எல்லாம் உயிரோடு, இன்ஜின் ஓடியபடி வந்தால் ஆட்-ஆன் நன்றாக இருக்கிறது. தேவைப்படுவது பயிற்சி மட்டும்.

லிஸ்ட்டிலேயே விமானம் இல்லையா?

அப்படியென்றால் பிரச்னை பெரும்பாலும் ஃபோல்டரில். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வெளியிலிருந்து வாங்கும் ஆட்-ஆன்கள் 'கம்யூனிட்டி' என்ற ஃபோல்டருக்குள் போக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தேடி அலுத்துவிட்டால், 2020 பதிப்பில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, டூல்ஸ் மெனுவில் 'விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம்' போனால், அங்கிருந்தே அந்த ஃபோல்டரைத் திறக்கலாம்.

திறந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, பெட்டிக்குள் பெட்டி. ஜிப் ஃபைலை விரிக்கும்போது ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடும். விமானத்தின் ஃபோல்டரைத் திறந்த உடனே 'மேனிஃபெஸ்ட்', 'லேஅவுட்' என்ற இரண்டு ஜேசன் ஃபைல்கள் கண்ணில் பட வேண்டும். இன்னொரு ஃபோல்டர்தான் தெரிகிறது என்றால், உள்ளே இருப்பதை ஒரு படி வெளியே எடுத்து வையுங்கள்.

இரண்டு, நீளமான முகவரி. ஃபோல்டர் பெயர்களையெல்லாம் சேர்த்து ஒரு ஃபைலின் முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸ் பல நேரம் திணறும். டெஸ்க்டாப்பில் நாலு ஃபோல்டருக்குள் வைத்து விரித்தால் சில ஃபைல்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். 'சி' டிரைவில் நேராகச் சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கே விரியுங்கள்.

மூன்று, பாதியில் போன கரன்ட். டவுன்லோடு நடக்கும்போது கரன்ட் போய் வந்திருந்தால் ஃபைல் முழுசாக வந்திருக்காது. ஆட்-ஆனை மட்டும் அழித்து மறுபடி இறக்குங்கள். மொத்த சிமுலேட்டரையும் தொட வேண்டாம்.

இன்னொன்று. எந்தப் பதிப்புக்கு வாங்கினீர்கள்? 2024 நவம்பரில் வந்த புது சிமுலேட்டருக்கும் 2020 பதிப்புக்கும் பல ஆட்-ஆன்கள் தனித்தனி. வாங்கும் பக்கத்தில் எந்தப் பதிப்பின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே காசு கட்டுங்கள்.

பாதிப் பாதியாகப் பிரியுங்கள்

நேற்று வரை பறந்த விமானம் இன்றைக்கு அடம்பிடிக்கிறதா? சிமுலேட்டரே திடீரென மூடிக்கொள்கிறதா? அப்போது கேட்க வேண்டியது: நேற்றிலிருந்து என்ன மாறியது? சிம் அப்டேட் வந்ததா? புது ஏர்போர்ட் போட்டீர்களா? விமானத்துக்குப் புதுப் பெயின்ட் மாட்டினீர்களா? பழைய பதிப்புக்குச் செய்த பெயின்ட் ஒன்று போதும், நல்ல விமானத்தின் ஸ்கிரீன்களைக் கறுப்பாக்கிவிடும். அதனால் எப்போதும் அதன் சொந்தப் பெயின்ட்டில் முதலில் சோதியுங்கள்.

எதுவும் ஞாபகம் இல்லையா? சிமுலேட்டரை முழுசாக மூடிவிட்டு, 'கம்யூனிட்டி' ஃபோல்டரின் பெயரை 'கம்யூனிட்டி பழசு' என்று மாற்றுங்கள். அதே இடத்தில் காலியாக ஒரு புது 'கம்யூனிட்டி' ஃபோல்டர் உருவாக்குங்கள். இப்போது சிமுலேட்டரோடு வந்த செஸ்னா 172-ஐ எடுத்துப் பறங்கள். செஸ்னாவும் தகராறு செய்தால் கோளாறு சிமுலேட்டரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது, உங்கள் ஏர்பஸ் பாவம் அப்பாவி. செஸ்னா நன்றாகப் பறந்தால், ஏர்பஸ்ஸை மட்டும் புது ஃபோல்டரில் வைத்துப் பாருங்கள். தனியாக ஒழுங்காகப் பறக்கிறதா? அப்போது கூட இருந்த ஏதோ ஒன்றுதான் வில்லன்.

உங்களிடம் 32 ஆட்-ஆன் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் 32 முறை சிமுலேட்டரைத் திறக்க வேண்டும். விடிந்துவிடும். பதிலாக 16-ஐ மட்டும் வையுங்கள். கோளாறு வந்தால் அந்த 16-ல் ஒன்று, வரவில்லையென்றால் மற்ற 16-ல் ஒன்று. பிறகு 8, 4, 2, 1. ஐந்தே சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். எப்போதாவது இரண்டு ஆட்-ஆன்கள் சேர்ந்தால் மட்டும் சண்டை போடும். அப்போது இன்னும் ஓரிரு சுற்று கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையில் வாங்கியவை இந்த ஃபோல்டரில் இருக்காது. அவற்றை உள்ளே இருக்கும் லைப்ரரி பகுதியில்தான் நீக்க வேண்டும்.

எக்ஸ்-பிளேன் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அதன் மெயின் ஃபோல்டரில் 'லாக்' என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். சிமுலேட்டர் விழுந்ததும் அதைத் திறந்து கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். எந்தப் ப்ளக்-இன் காரணம் என்று பல நேரம் பெயரோடு எழுதியிருக்கும். விண்டோஸிலும் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று உண்டு. எந்த ஃபைலில் தடுக்கி விழுந்தது என்று அதில் பதிவாகும்.

கை ஒன்று, கட்டளை இரண்டு

விமானம் தானாக ஒரு பக்கம் சாய்கிறதா? ஆட்டோ பைலட் போட்ட இரண்டு நொடியில் கழன்றுவிடுகிறதா? த்ராட்டில் துள்ளுகிறதா? ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள்.

புதுசாக எந்தக் கன்ட்ரோலரைச் செருகினாலும், சிமுலேட்டர் அதற்குத் தானாகவே வேலைகளை ஒதுக்கிவிடும். ஏற்கெனவே ஜாய்ஸ்டிக் இருக்க, தம்பியின் கேம் பேடும் செருகியிருந்தால், இரண்டுமே ஒரே த்ராட்டிலைப் பிடித்து இழுக்கும். ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர் மாதிரி! தேவையில்லாததைக் கழற்றுங்கள், அல்லது அதற்கு எந்த வேலையும் இல்லாத காலி புரொஃபைலைக் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜாய்ஸ்டிக் என்றால், கையை எடுத்த பிறகும் அது லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். விமானி கையால் திருப்புகிறார் என்று நினைத்து ஆட்டோ பைலட் விலகிவிடும். சென்சிடிவிட்டி செட்டிங்கில் 'டெட் ஸோன்' கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். ஏர்பஸ்ஸில் த்ராட்டில் ஒவ்வொரு நிலையிலும் 'க்ளிக்' என்று நிற்க வேண்டும். அதை உங்கள் லீவருக்கு ஏற்றபடி அமைக்க, ஃப்ளைபைவயரின் டேப்லெட்டில் த்ராட்டில் கேலிப்ரேஷன் பக்கம் இருக்கிறது. அதைச் செய்யாமல் பறந்தால் டேக்-ஆஃப் பவரே கிடைக்காது. சிமுலேட்டரின் ஆட்டோ ட்ரிம், ஆட்டோ ரட்டர் போன்ற உதவிகளையும் அணைத்துவிடுங்கள். ஏர்பஸ்ஸின் கம்ப்யூட்டரும் இவையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எல்லாம் சரி, ஆனால் ஆட்டோ பைலட் சொன்ன வழியில் போகவில்லையா? ஏர்பஸ் குமிழ்களுக்கு ஒரு மொழி உண்டு. தள்ளினால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், இழுத்தால் நீங்கள் சொல்வதைக் கேட்கும். இழுத்துவிட்டு, "போட்ட ரூட்ல போகலையே" என்று அதைக் குறை சொல்லக் கூடாது!

ரூட்டில் உள்ள பெயர்கள் விமானத்துக்குத் தெரியவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். உலகம் முழுக்க விமான வழித்தடத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நீங்கள் பிளான் போட்ட தளத்தில் பழைய சுழற்சியும் விமானத்தில் புதுசும் இருந்தால், சில பெயர்கள் பொருந்தாமல் போகும். விடுபட்ட புள்ளியைத் தாண்டி அடுத்ததைக் கொடுத்தால் போதும்.

வேலூர் வெயில் லேப்டாப்பையும் விடாது

முதல் பதினைந்து நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடி, அதற்குப் பிறகு படம் திக்கித் திணறினால், அது ஆட்-ஆன் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. சூடு! மே மாதம் வேலூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். ஷீட் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்த லேப்டாப் என்ன பண்ணும்? எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இலவச டெம்பரேச்சர் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் விடை கிடைத்துவிட்டது. தூசி தட்டுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், மேஜை ஃபேனைத் திருப்புங்கள். செலவு பூஜ்யம்.

ஆரம்பத்திலிருந்தே திக்கினால் மெமரியைப் பாருங்கள். 2020 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், பரிந்துரை 16. 2024 பதிப்புக்குக் குறைந்தது 16, பரிந்துரை 32. 8 ஜிபி மெஷினில் கனமான ஏர்பஸ்ஸும், சென்னை ஏர்போர்ட் ஆட்-ஆனும், க்ரோமில் பன்னிரண்டு டேபும் ஓடினால் யார் செய்த விமானமும் விழத்தான் செய்யும். தரை மட்டும் களிமண் மாதிரி மங்கலாக இருந்தால் அது இன்டர்நெட் வேகம். விமானத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்துல்லாபுரத்தில் ஏர்பஸ் நிற்குமா?

நம்ம ஊர் ஆட்கள் கட்டாயம் ஒருமுறை செய்து பார்க்கும் விஷயம் இது. வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் பிரிட்டிஷ் காலத்து விமான நிலையம் இருக்கிறது. உடான் திட்டத்தில் தேர்வாகி, பயணிகள் விமானத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த இடம். சொந்த ஊரில் இறங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஏர்பஸ்ஸை இறக்குகிறீர்கள்... ரன்வே முடிந்தும் விமானம் நிற்காமல் ஓடுகிறது. "பிரேக் பிடிக்கலை பாஸ்!"

பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ரன்வே ஒரு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. சென்னையின் பெரிய ரன்வே மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல். பயணிகளோடு வரும் ஏ320 நிற்க இடம் எங்கே? அங்கே செஸ்னா 172-ஐ இறக்குங்கள், பாதி ரன்வேயிலேயே திரும்பிவிடலாம். எந்த விமானத்துக்கு எந்த ரன்வே என்று பார்ப்பதும் பழுது பார்ப்பதில் சேர்த்திதான்.

கிராக் வேண்டாம்... ஏன்?

2018 பிப்ரவரியில் ஃப்ளைட் சிம் லேப்ஸ் என்ற ஆட்-ஆன் நிறுவனம் சிக்கியது. அதன் ஏ320 இன்ஸ்டாலருக்குள், க்ரோம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கும் புரோகிராம் ஒன்று இருந்ததைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் பிரதி பயன்படுத்துபவரைப் பிடிக்கத்தான் வைத்தோம் என்றது நிறுவனம். கடும் எதிர்ப்புக்குப் பிறகு நீக்கியது. பெயரும் முகவரியும் உள்ள கம்பெனியே இப்படிச் செய்திருக்கிறது. அப்படியென்றால் பெயரே தெரியாத ஒருவர் டெலிகிராமில் போடும் கிராக்கில் என்னவெல்லாம் இருக்கும்? அதை ஓட்ட ஆன்டிவைரஸை வேறு அணைக்கச் சொல்வார். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் ஜிமெயிலும், அப்பாவின் பேங்க் லாகினும் இருக்கிறது.

காசு இல்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃப்ளைபைவயர் இலவசம். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரே முழுக்க இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓரளவு ஓடும். நேர்மையாகக் கிடைக்கும் இலவசம் இவ்வளவு இருக்கும்போது திருட்டு எதற்கு?

உதவி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது

நிஜ விமானத்தில் 'டெக் லாக்' என்று ஒரு புத்தகம் இருக்கும். விமானி பார்த்த குறையை அதில் எழுதுவார். இன்ஜினீயர் அதைப் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகே விமானம் கிளம்பும். "ஃப்ளைட் சரியில்லை" என்று யாரும் எழுதுவதில்லை. எப்போது, எந்த உயரத்தில், எது, என்ன செய்தது என்று எழுதுவார்கள்.

நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். செட்டிங் எதையும் மாற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். தேதி, மாற்றியது, நடந்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். ஆட்-ஆன் செய்தவர்களுக்கு உதவி கேட்டு எழுதும்போது சிமுலேட்டர் பதிப்பு, ஆட்-ஆன் பதிப்பு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, ஏற்கெனவே எதையெல்லாம் சோதித்தேன் என்று அனுப்புங்கள். 'நாட் வொர்க்கிங் ப்ளீஸ் ஹெல்ப்' என்று அனுப்புபவரைவிட உங்களுக்குச் சீக்கிரம் பதில் வரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டு சிமுலேட்டரில் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் அது லைசென்ஸ் கணக்கில் சேராது. நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜ வானத்தில் பறக்க வேண்டும், அதற்கான செலவு நம்ம வீட்டு பட்ஜெட்டுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால், பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதே... அது இங்கே காசில்லாமல் வரும். ஷூ லைனிலும் உதவும், ஐடி கம்பெனியிலும் உதவும், ஒருநாள் நிஜ காக்பிட்டில் உட்கார்ந்தால் அங்கேயும் உதவும்.

சரி, எல்லாம் சரிசெய்தாச்சா? உடனே துபாய்க்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு சோதனைப் பயணம். செஸ்னாவில் சென்னையிலிருந்து மேற்கே திரும்பி 6,500 அடியில் போங்கள். காஞ்சிபுரம் பக்கம் அகலமான மணல் கோடாகப் பாலாறு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஆற்காடு, வேலூர், இடது பக்கம் ஜவ்வாது மலை. முக்கால் மணி நேரத்தில் ஆம்பூர் மேலே இருப்பீர்கள். அது ஒழுங்காக முடிந்தால் அடுத்த நாள் ராத்திரி ஏர்பஸ்ஸில் சென்னை டு பெங்களூரு.

பேட்டரி ஒன்று, பேட்டரி இரண்டு, ஏபியூ... ஸ்கிரீன்கள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம்ம ஊர் மேலே வரும்போது காட்டுங்கள்.

கிளம்பும் முன் அந்த பிரேக்கை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்!